மின்னஞ்சல் முகவரியை யாருக்கு, எப்படிக் கொடுப்பது? ஸ்பேம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஆலய நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், சிறு வணிகர்கள் ஆகியோரின் மின்னஞ்சல் சிக்கல்களைப் பார்த்துக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்பேமை, அதாவது கேட்காமலே வந்து குவியும் விளம்பர, மோசடி மடல்களை, தடுக்கும் மென்பொருள்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அதற்கு முந்திய கட்டத்தைப் பற்றியது: நம் முகவரி நம் கையைவிட்டு வெளியே போகும் இடங்கள்.

என் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

பெரும்பாலும் நீங்களே கொடுத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் உங்களை அறிந்த ஒருவர் கொடுத்திருப்பார்.

இணையத்தில் பொதுவில் கிடக்கும் பக்கங்களை இரவு பகலாகப் படித்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. @ குறிக்கு இருபுறமும் எழுத்துகளைக் கண்டால் அதை முகவரி என்று எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடும். பிடிஎஃப் கோப்புக்குள் இருந்தாலும் விடுவதில்லை.

அடுத்தது கசிவு. நீங்கள் கணக்கு வைத்திருக்கும் ஏதோ ஒரு நிறுவனத்தின் தரவுத்தளம் திருடு போகிறது. அதிலிருந்த முகவரிகள் கைமாறிக் கைமாறி விற்கப்படுகின்றன. 2017 அக்டோபரில் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் வெளியே வந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நாட்டின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை அது. எண்களோடு வீட்டு முகவரியும் அடையாள அட்டை எண்ணும் சேர்ந்தே போயின. மலேசியத் தொழில்நுட்பத் தளமான லோயாட் டாட் நெட் அதை வெளிக்கொண்டு வந்தது. அந்த விவரங்கள் அதற்கும் சில ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டவை. நாம் அறிவதற்குள் எத்தனை கைகள் மாறியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படிவங்கள் மூலமாகவும் போகும். அடியில் சிறிய எழுத்தில் “எங்கள் வணிகப் பங்காளிகளுடன் பகிரலாம்” என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை.

பலருக்குத் தோன்றாத வழி ஒன்று மீதி இருக்கிறது: மற்றவருடைய கைப்பேசி. உங்கள் சித்தப்பா புதிய செயலி ஒன்றை நிறுவுகிறார். தொடர்புப் பட்டியலைப் படிக்க அது அனுமதி கேட்கிறது. அவர் சரி என்று அழுத்துகிறார். உங்கள் பெயரும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களைக் கேட்காமலே ஏறிப் போய்விடும்.

யாருக்கும் கொடுக்காத முகவரிக்கும் ஸ்பேம் வருகிறதே?

ஊகித்து அனுப்புகிறார்கள். பரவலான பெயர்களோடு பிறந்த ஆண்டையோ இரண்டு மூன்று எண்களையோ சேர்த்து லட்சக்கணக்கான முகவரிகளை நிரல் தானே உருவாக்கும். திரும்பி வராத மடல் சென்று சேர்ந்த மடல் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே வங்கிக்கென்று புதிய முகவரி தொடங்கினால், பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டைப் போடாதீர்கள். ஊகிக்கக் கடினமான சொல் ஒன்றைச் சேருங்கள்.

ஜிமெயில் தானாகவே தடுத்துவிடுகிறதே, நாம் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்?

பெரும்பகுதியைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் வடிகட்டி வேலை செய்வது முகவரி போய்ச் சேர்ந்த பிறகு. அதற்குத் தப்பி வரும் நாலைந்து மடல்கள்தான் ஆபத்தானவை. வங்கி அனுப்பியது போலவும் அஞ்சல் நிறுவனம் பார்சலை நிறுத்தி வைத்திருப்பது போலவும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். மறுபக்கம், நல்ல மடலும் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுகிறது. ஜிமெயில் அந்தப் பெட்டியில் உள்ளதை 30 நாளில் அழித்துவிடும். பல்கலைக்கழக நேர்முக அழைப்பு அங்கே கிடந்து அழிந்துபோனால் யாரிடம் போய்க் கேட்பது?

வருகிற குப்பை குறைவாக இருந்தால்தான் அந்தப் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து பார்க்க மனம் வரும். ஆயிரம் மடல்கள் கிடந்தால் யாரும் பார்ப்பதில்லை.

எத்தனை முகவரிகள் வைத்துக்கொள்வது நல்லது?

என் பதில் மூன்று. இதைவிடக் குறைந்தால் பயனில்லை; கூடினால் உங்களுக்கே நினைவிருக்காது.

முதலாவது, பணமும் அரசாங்கமும் சார்ந்தது. வங்கி, ஊழியர் சேமநிதி, வருமான வரி வாரியம், காப்புறுதி, மருத்துவமனை. இந்த முகவரியை எந்த மனிதருக்கும் கொடுக்கக் கூடாது; உடன்பிறந்தவர்களுக்கும் வேண்டாம். அவர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. அவர்களுடைய கைப்பேசியில் உள்ள செயலிகள் யாருக்கு என்ன அனுப்புகின்றன என்பது அவர்களுக்கே தெரியாது. இந்தப் பெட்டியின் கடவுச்சொல் வேறு எங்கும் பயன்படாத ஒன்றாக இருக்கட்டும்; இரண்டடுக்குச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சான்றும் கேட்பது) போட்டுவிடுங்கள். வங்கி, வரி போன்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு இந்தப் பெட்டிக்குத்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, மனிதர்களுக்கானது. உறவினர், நண்பர், ஆசிரியர், சங்கம், வேலை விண்ணப்பம். இப்போது நீங்கள் வைத்திருக்கும் பழைய முகவரியே இதற்குப் போதும்.

மூன்றாவது, கடைகளுக்கானது. இணைய அங்காடி, விமான டிக்கெட், உறுப்பினர் அட்டை, உணவு வரவழைக்கும் செயலி, எல்லாம் இங்கே. இதில் குப்பை சேர்ந்தால் சேரட்டும். அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டு, பொருள் வாங்கும்போது மட்டும் திறந்து பாருங்கள்.

இப்படிப் பிரிப்பதில் சொல்லாமலே கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு. “உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது” என்ற மடல் கடை முகவரிக்கு வந்தால், படிக்காமலே அது பொய் என்று தெரிந்துவிடும். வங்கிக்கு அந்த முகவரியே தெரியாதே! மோசடி மடலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லிக் கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது பிழையில்லாத மலாயிலும் ஆங்கிலத்திலும், தமிழிலும்கூட, எழுதி அனுப்புகிறார்கள். எந்தப் பெட்டிக்கு வந்தது என்பதுதான் இன்று நம்பத்தக்க அடையாளம்.

முகவரிக்குள் கூட்டல் குறி சேர்க்கலாம் என்கிறார்களே, அது என்ன?

ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் உங்கள் பெயருக்குப் பின்னால், @ குறிக்கு முன்னால், கூட்டல் குறியும் விரும்பிய ஒரு சொல்லும் சேர்க்கலாம். “பெயர்+காலணி@” என்று ஒரு கடைக்கும் “பெயர்+விமானம்@” என்று இன்னொரு நிறுவனத்துக்கும் கொடுத்தால், இரண்டும் ஒரே பெட்டிக்கே வந்து சேரும். தட்டச்சு செய்வது ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு காலணிக் கடைக்குக் கொடுத்த முகவரிக்குச் சூதாட்ட விளம்பரம் வந்தால், யாரிடமிருந்து போனது என்பது தெரிந்துவிடும். அந்த ஒரு முகவரிக்கு வருவதை மட்டும் குப்பைக்கு அனுப்பும்படி விதி போடலாம்.

குறைகளும் உண்டு. பல உள்ளூர்த் தளங்கள் கூட்டல் குறியைக் கண்டால் “செல்லாத முகவரி” என்று சொல்லிவிடும். விவரம் தெரிந்த ஸ்பேம்காரர் கூட்டல் குறியையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் வெட்டிவிட்டு உண்மை முகவரிக்கே அனுப்புவார். ஆகவே யார் கசியவிட்டது என்று கண்டுபிடிக்க இது உதவும், மறைந்துகொள்ள உதவாது. ஜிமெயில் பெயருக்கு நடுவில் புள்ளி வைப்பதும் இப்படித்தான்: புள்ளியை ஜிமெயில் கணக்கிலேயே எடுப்பதில்லை, எங்கே வைத்தாலும் அதே பெட்டிதான்.

உண்மை முகவரியை முழுதாக மறைக்க வழி இல்லையா?

இருக்கிறது. மறைமுக முகவரி தரும் சேவைகள் இப்போது பல. ஆப்பிளின் “ஹைட் மை ஈமெயில்” 2021இலிருந்து ஐகிளவுட் பிளஸ் என்ற கட்டணச் சந்தாவோடு வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் ரிலே இலவசமாக ஐந்து முகவரிகள் தருகிறது. டக்டக்கோவும், 2022இல் புரோட்டான் என்ற மின்னஞ்சல் நிறுவனம் வாங்கிக்கொண்ட சிம்பிள்லாகினும் இதே வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு கடைக்கும் தாறுமாறான எழுத்துகள் கொண்ட ஒரு முகவரியை அவை உருவாக்கித் தரும். அதற்கு வருவது உங்கள் உண்மைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பப்படும். தொல்லை தொடங்கினால் அந்த ஒன்றை மட்டும் மூடிவிடலாம். மற்றவை அப்படியே இருக்கும்.

கடைகளுக்கு நல்லது. வங்கிக்கும் வரி வாரியத்துக்கும் வேண்டாம்: இடையில் நிற்கும் சேவை ஒருநாள் மூடப்பட்டாலோ சந்தா கட்ட மறந்தாலோ, கடவுச்சொல் மீட்கும் மடல் உங்களுக்கு வந்து சேராது.

பத்து நிமிடத்தில் அழியும் தற்காலிக முகவரித் தளங்களை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றில் பல பெட்டிகளுக்குக் கடவுச்சொல்லே இல்லை. முகவரி தெரிந்த எவரும் திறந்து படிக்கலாம்.

கடையில் பணம் கட்டும்போது மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. “வேண்டாம், ரசீது மட்டும் போதும்” என்று சொன்னால் காசாளர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார். அவருக்கு அது மாதாந்திர இலக்கு. உங்கள்மேல் தனிப்பட்ட அக்கறை ஒன்றுமில்லை. நம்மவர்களுக்கு மறுப்பதில் ஒரு கூச்சம். கேட்டதும் அடையாள அட்டை எண்ணைக்கூடச் சொல்லிவிடுகிறோம்.

பேரங்காடி நடுவில் கார் ஒன்றை நிறுத்திவைத்து, அருகில் கண்ணாடிப் பெட்டியும் படிவமும் வைத்திருக்கும் அதிர்ஷ்டக் குலுக்கல்களில் கூடுதல் கவனம் தேவை. பெயர், வயது, வருமானம், மின்னஞ்சல், கைப்பேசி என்று நிரப்பச் சொல்வார்கள். காரை வெல்லும் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அங்கே விட்டுப் போவது ஒரு விற்பனைப் பட்டியல். கலந்துகொள்ள ஆசையாக இருந்தால் கடை முகவரியைக் கொடுங்கள், வருமானக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

இப்போது எல்லாக் கடைகளிலும் இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) வேண்டுமா என்று கேட்கிறார்களே?

இது வேறு விஷயம். வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு வருவாய் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களோடு தொடங்கிப் படிப்படியாக விரிந்து வருகிறது. உங்கள் பெயரில் இ-இன்வாய்ஸ் வேண்டுமென்றால் வரி எண், அடையாள அட்டை எண், முகவரி முதலியவற்றைக் கொடுக்க வேண்டியிருக்கும். நிறுவனச் செலவாகக் கணக்குக் காட்டுபவருக்கும் வரிக்கழிவுக்கு ஆதாரம் தேடுபவருக்கும் அது தேவைப்படலாம். வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்குபவருக்குத் தேவையில்லை. சாதாரண ரசீதே போதும். அப்படிப்பட்ட விற்பனைகளைக் கடைக்காரரே மொத்தமாகச் சேர்த்து வாரியத்துக்கு அனுப்பிக்கொள்வார்.

கவனிக்க வேண்டியது ஒன்று: இதைச் சாக்காக வைத்து, இ-இன்வாய்ஸ் பக்கத்திலேயே “சலுகைகளை எனக்கு அனுப்பவும்” என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறியிட்டு வைத்திருக்கலாம். அதை எடுத்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

எங்கள் சங்கத்தில் 200 பேருக்கு ஒரே மடல் அனுப்புகிறோம். அதில் என்ன தவறு இருக்க முடியும்?

இந்தப் பக்கத்தை எழுதியதற்கு முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான்.

200 முகவரிகளையும் பெறுநர் வரிசையிலோ “சிசி” வரிசையிலோ போட்டு அனுப்பினால், ஒவ்வொருவருக்கும் மற்ற 199 பேரின் முகவரியும் போய்ச் சேர்கிறது. அவர்களில் ஒருவர் கணினியில் வைரஸ் இருந்தால் போதும். அல்லது ஒருவர் மறுவாரமே நேரடி விற்பனைத் தொழிலில் இறங்கினால் போதும். பொதுக்கூட்ட அறிவிப்புக்குப் பதில் அனுப்புவது போல மூலிகைக் காப்பி விளம்பரம் 199 பேருக்கும் போய்விடும். அதன்பின் “என்னை நீக்கவும்” என்று ஒருவர் எல்லாருக்கும் பதில் எழுத, இன்னொருவர் அவரைக் கண்டித்து எல்லாருக்கும் எழுத, ஒரு வாரம் வேடிக்கைதான்.

“பிசிசி” என்ற வரிசை இதற்காகவே இருக்கிறது. அதில் போட்டால் பெறுபவருக்குத் தம் முகவரி தவிர வேறு எதுவும் தெரியாது. பெறுநர் இடத்தில் சங்கத்தின் சொந்த முகவரியைப் போட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கை இன்னும் பெரிதானால் கூகுள் குழுமம் போன்ற ஒன்றைத் தொடங்கி, அனுப்பும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் வையுங்கள். உறுப்பினர் பட்டியலை மற்ற உறுப்பினர்கள் பார்க்க முடியாதபடி அமைப்பை மாற்றுங்கள்.

அடுத்தது மலர்கள். கும்பாபிஷேக மலர், வெள்ளிவிழா மலர், பள்ளி நூற்றாண்டு மலர் என்று எதை எடுத்தாலும் கடைசிப் பக்கங்களில் செயலவையினர் அனைவரின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல். அச்சில் 500 படிகள் மட்டும் போன காலத்தில் அதனால் கேடு அதிகமில்லை. இப்போது மலரை அப்படியே பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றிவிடுகிறோம். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு தகவல்: முதல் ஸ்பேம் என்று சொல்லப்படும் மடல் 1978 மே 3 அன்று அனுப்பப்பட்டது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க், தம் நிறுவனத்தின் கணினிகளை விளம்பரப்படுத்தி இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு அனுப்பினார். அந்த முகவரிகள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? உறுப்பினர்களின் வசதிக்காக அச்சிட்டிருந்த ஒரு முகவரிப் புத்தகத்திலிருந்து.

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் நன்கொடையாளர் பட்டியல், பள்ளி விளையாட்டுப் போட்டிப் பதிவு, சுற்றுலா முன்பதிவு ஆகியவற்றைக் கூகுள் படிவத்தில் வாங்குகிறார்கள். நல்லது. ஆனால் பதில்கள் சேரும் விரிதாளை “இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்” என்று திறந்துவிட்டு, அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுவது மிக மோசமான பழக்கம். நிகழ்ச்சி முடிந்து ஆண்டுகள் கழிந்தும் அது திறந்தே கிடக்கும். பொருளாளருக்கும் செயலாளருக்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். கணக்கு முடித்து அறிக்கை கொடுத்ததும் தாளை அழித்துவிடுங்கள்.

இதைச் சொன்னால் “எல்லாரும் நம்மவர்கள்தானே” என்ற பதில் வரும். நம்மவர்கள்தான். ஆனால் அவர்கள் நம்பித் தந்தது ஒரு நிகழ்ச்சிக்காக.

அப்படியானால் சங்கத்தின் இணையப் பக்கத்தில் எந்த முகவரியைப் போடுவது?

பதவியின் பெயரில் ஒன்று: “செயலாளர்@”, “தகவல்@” என்பது போல. ஆள் மாறினாலும் முகவரி மாறாது. போன செயலாளரின் சொந்தப் பெட்டிக்குப் பத்தாண்டுகள் கழித்தும் மண்டப முன்பதிவு கேட்டு மடல் போகாது. ஸ்பேம் தாங்க முடியாமல் போனால் அதை மூடிவிட்டு வேறொன்று திறக்கலாம்.

@ குறிக்குப் பதில் “அட்” என்று எழுதும் பழைய உத்தி இப்போது அவ்வளவாகப் பலிப்பதில்லை; நிரல்கள் அதையும் படித்துவிடும். முகவரியைப் படமாகப் போட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானால் அதைப் படிக்க முடியாது. எனக்குச் சரியென்று படுவது தொடர்புப் படிவம். அதில் மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டத்தை வைக்கச் சொல்லுங்கள். நிரல் எல்லாக் கட்டங்களையும் நிரப்பும். அந்தக் கட்டம் நிரம்பி வந்தால் மடலை நிராகரித்துவிடலாம். பக்கத்தை அமைத்துக் கொடுப்பவருக்கு இது சிறிய வேலை.

நான் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கிறேன். முகவரியை மறைத்தால் வாடிக்கையாளர் எப்படி வருவார்?

மறைக்காதீர்கள். சமையல் ஆர்டர் எடுப்பவர், மாலை கட்டுபவர், கணக்காளர் போன்றோர் முகவரியை ஒளித்து வைத்தால் ஸ்பேமால் வருவதைவிட அதிக நட்டம் ஏற்படும். வணிகத்துக்கென்று தனி முகவரி வைத்து எல்லா இடத்திலும் போடுங்கள். வங்கிக் கணக்கையும் சப்ளையர் பில்லையும் அதோடு இணைக்காமல் இருந்தால் போதும். சொந்த டொமைன் (இணையப் பெயர்) பதிவு செய்தால், பதிவு செய்பவர் விவரமாக வீட்டு முகவரியையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுக்க வேண்டாம், கடையினுடையதைக் கொடுங்கள்.

“அன்சப்ஸ்கிரைப்” (விலகல்) அழுத்தினால் இன்னும் அதிகமாக வரும் என்கிறார்களே?

யார் அனுப்பியது என்பதைப் பொறுத்தது. நீங்கள் பொருள் வாங்கிய கடையோ விமான நிறுவனமோ என்றால் தயங்காமல் அழுத்துங்கள். ஒரு நாளில் 5,000க்கு மேல் ஜிமெயில் பெட்டிகளுக்கு விளம்பர மடல் அனுப்புவோர், ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024இல் கூகுள் விதி கொண்டுவந்தது. கோரிக்கையை இரண்டு நாளுக்குள் நிறைவேற்றவும் வேண்டும். மடலின் உச்சியில் ஜிமெயிலே காட்டும் விலகல் பொத்தானைப் பயன்படுத்துவது, மடலுக்குள் உள்ள இணைப்பைத் தேடுவதைவிடப் பாதுகாப்பானது.

முன்பின் தெரியாதவர் என்றால் எதையும் அழுத்த வேண்டாம். “இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்” என்று நீங்களே உறுதி செய்து கொடுத்ததாக ஆகிவிடும். ஸ்பேம் என்று குறியிட்டுவிட்டு நகருங்கள்.

மடலைத் திறந்து பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடுமா?

தெரிய வாய்ப்புண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை மடலில் வைத்திருப்பார்கள். மடல் திறந்ததும் அது அனுப்பியவரின் சேவையகத்திலிருந்து இறங்கும். திறந்த நேரம் அங்கே பதிவாகிவிடும். ஜிமெயில் அமைப்புகளில் “வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கவும்” என்பதைத் தேர்ந்தெடுத்தால் இதைத் தடுக்கலாம். ஐபோனின் மெயில் செயலியில் 2021 முதல் இதற்கென்றே தனியுரிமைப் பாதுகாப்பு வசதி இருக்கிறது.

என் பெயரிலேயே, என் முகவரியிலிருந்தே எனக்கு மடல் வந்திருக்கிறது. கணக்கு களவு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கடித உறையின் பின்பக்கத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, மின்னஞ்சலிலும் அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போட முடியும். அனுப்பிய மடல்கள் பெட்டியைப் பாருங்கள். அங்கே அது இல்லையென்றால் போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீராவிட்டால் கடவுச்சொல்லை மாற்றி, எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். “உங்கள் கேமராவில் பதிவு செய்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு” என்று மிரட்டும் மடல்கள் இந்த உத்தியைத்தான் பயன்படுத்துகின்றன. பணம் அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள்.

சொந்த டொமைன் வைத்திருப்போர், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றும் அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று தங்கள் தொழில்நுட்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் மற்றவர் அனுப்பும் போலி மடல்களைப் பெறுபவரின் சேவையகம் அடையாளம் கண்டு நிராகரிக்க அவை உதவுகின்றன.

சட்டம் நமக்கு ஏதாவது உதவி செய்கிறதா?

ஓரளவு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகப் பரிவர்த்தனையில் உங்கள் விவரங்களைச் சேகரிப்பவர், எதற்காகச் சேகரிக்கிறார், யாருக்குக் கொடுப்பார் என்று தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நமக்கு மிகப் பயன்படுவது 43ஆம் பிரிவு: என் விவரங்களை நேரடி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று எந்த நேரத்திலும் எழுத்தில் கேட்கலாம். கேட்டும் நிறுத்தாவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். ஆணையரின் உத்தரவையும் மீறினால் 2 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பெயர், அவர்களிடம் உள்ள முகவரி, “2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி விளம்பரம் அனுப்புவதை நிறுத்தவும்” என்ற ஒரு வரி, தேதி. மலாயில் எழுதி நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். பிரிவு எண்ணைக் கண்டதும் அவர்களுடைய வேகமே வேறு.

2024இல் செய்த திருத்தத்தால், தரவுக் கசிவு நடந்தால் ஆணையருக்கும், பெரும் பாதிப்பு ஏற்படக்கூடுமானால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் வந்துவிட்டது. ஆனால் கூட்டரசு, மாநில அரசாங்கங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. எங்கிருந்தோ பெயர் தெரியாமல் அனுப்பும் சூதாட்டக் கும்பலை இது ஒன்றும் செய்யப் போவதில்லை. முகவரியுள்ள, கௌரவமான நிறுவனங்களிடம் மட்டும் செல்லும் ஆயுதம் இது.

மோசடி மடல் வந்தால் எங்கே சொல்வது?

சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 மையத்துக்குத் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டதென்றால் மடலை ஆராய்ந்துகொண்டு உட்காராதீர்கள். உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணையோ வங்கியையோ அழையுங்கள்.

என் முகவரி ஏற்கெனவே கசிந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“ஹேவ் ஐ பீன் போன்ட்” என்ற தளத்தை ஆஸ்திரேலியரான டிராய் ஹண்ட் 2013இல் தொடங்கினார். உங்கள் முகவரியைத் தட்டச்சு செய்தால், எந்தெந்தக் கசிவுகளில் அது இருந்தது என்று பட்டியலிடும். உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அங்கே கொடுக்க வேண்டியதில்லை. அதைக் கேட்கும் பக்கம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பத்தாண்டுப் பழைய முகவரியாக இருந்தால் ஒன்றிரண்டு கசிவுகளில் இருப்பது சாதாரணம், பதற வேண்டாம். அந்தத் தளங்களில் பயன்படுத்திய கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று யோசித்து, முதலில் அவற்றை மாற்றுங்கள்.

முகவரியையே மாற்றிவிட நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

வங்கியிலிருந்து. பிறகு ஊழியர் சேமநிதி, வருமான வரி, காப்புறுதி, கைப்பேசி நிறுவனம். இவை ஐந்தாறுதான்; ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும். மனிதர்களுக்கு அறிவிக்கவே வேண்டாம். பழைய முகவரி அவர்களுக்கே இருக்கட்டும். கடைகளை ஒரேயடியாக மாற்ற முயலாதீர்கள். ஒரு கடையிலிருந்து மடல் வரும்போது, அது இன்னும் தேவைப்பட்டால் புதிய கடை முகவரிக்கு மாற்றுங்கள், தேவையில்லையென்றால் கணக்கையே மூடுங்கள்.

பழைய பெட்டியை அழிக்க வேண்டாம். சில சேவைகளில் கைவிடப்பட்ட முகவரியைப் பிறகு வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் மறந்துவிட்ட ஏதோ ஒரு கணக்கின் கடவுச்சொல் மடல் அவருக்குப் போகும். கூகுள் இரண்டாண்டு பயன்படாத கணக்குகளை நீக்கக்கூடும் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை உள்ளே போய் வாருங்கள்.

அப்பாவுக்கு மின்னஞ்சல் பார்க்கத் தெரியாது. என் முகவரியையே அவருக்கும் கொடுத்துவிடலாமா?

செய்யாதீர்கள். அவருடைய மருத்துவமனை, ஓய்வூதிய மடல்கள் உங்கள் விளம்பரக் குவியலில் புதைந்துபோகும். உங்கள் பெட்டி முடங்கினால் இருவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். அவர் பெயரில் தனியாக ஒன்று தொடங்கி, உங்கள் கைப்பேசியில் இரண்டாவது கணக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, அவர் பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் கோப்பிலேயே வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் தாளை வெளிநாட்டுத் திருடனால் படிக்க முடியாது. அவர் புதிதாக எங்கேயாவது படிவம் நிரப்பும்போது மின்னஞ்சல் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். கட்டாயம் என்றால் உங்களை அழைக்கட்டும்.